முடக்கு வாத சிகிச்சை: மாத்திரையும் பரிசோதனையும் — பணியில் கண்டவை

மூட்டுநோய்ப் பிரிவு செவிலியர்

முடக்கு வாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய்) என்று தெரிந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த மருந்து நல்ல மருந்து?" என்பதைத்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை மூட்டை எண்ணிப் பார்க்கிறார்கள் என்பதையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும். கிளாஸ்கோவில் நடந்து 2004இல் லான்செட் இதழில் வந்த டைகோரா ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். இரு பிரிவினருக்கும் கிடைத்த மருந்துகள் ஏறக்குறைய ஒன்றுதான், பழைய மலிவான மாத்திரைகள். ஒரு பிரிவினரை மாதாமாதம் பார்த்து, நோய் மதிப்பெண் குறையவில்லை என்றால் அன்றே மருந்தைக் கூட்டினார்கள், வீங்கிய மூட்டில் ஊசி போட்டார்கள். மற்ற பிரிவினரை வழக்கப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். 18 மாதம் கழித்து முதல் பிரிவில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, இரண்டாவதில் 16 சதவீதம் பேருக்கு. அந்த வித்தியாசம் புது மருந்தால் வந்ததில்லை.

மூட்டு எண்ணுவது எப்படி என்று நோயாளியும் தெரிந்துகொள்வது நல்லது. மொத்தம் 28: தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, கை விரல்களின் அடி மூட்டு 10, நடு மூட்டு 10 (கட்டைவிரலில் இருக்கும் ஒரே விரல்மூட்டும் இதில் சேரும்), முழங்கால் 2. அழுத்துகிறவரின் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் வலி தெரியாது, கூடினால் யாருக்கும் வலிக்கும். வலிக்கும் மூட்டு எத்தனை, வீங்கியது எத்தனை என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டையும் கூட்டி, நோயாளி தன் நிலைக்குத் தரும் மதிப்பெண் (0 முதல் 10), மருத்துவர் தரும் மதிப்பெண் (0 முதல் 10) இரண்டையும் சேர்த்தால் வருவது சி.டி.ஏ.ஐ. என்ற நோய்த் தீவிர மதிப்பெண். 2.8 வரை நோய் அடங்கியது, 10 வரை குறைவு, 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு. கணுக்காலும் பாதமும் இந்த 28இல் இல்லை. மதிப்பெண் அழகாக இருக்கும், ஆள் செருப்புப் போட முடியாமல் நொண்டிக்கொண்டு வருவார். எனவே மேசைக்கு எதிரே உட்கார வைத்துக் கையை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது. காலுறையைக் கழற்றச் சொல்லுங்கள், பாத விரல்களின் அடியைப் பக்கவாட்டில் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

மருந்தாளுநர்

செவிலியர் சொன்னதோடு கவுண்டரில் பார்க்கும் ஆபத்தையும் சேர்க்கிறேன். முடக்கு வாதத்துக்குத் தரப்படும் முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள். தினமும் விழுங்கினால் உயிர் போகும். இதில் மிகைப்படுத்தல் ஒன்றுமில்லை.

தவறு நடக்கும் வழிகள் பெரும்பாலும் இவைதான். வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தவரின் பழைய மருந்துப் பட்டியலைப் படியெடுக்கும்போது "வாரம்" என்ற சொல் விடுபட்டு "தினமும் ஒன்று" ஆகிவிடுகிறது. வாரம் ஒன்று போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டும் மற்ற நாட்களில் போடும் ஃபோலிக் ஆசிட்டும் ஒரே மாதிரிச் சின்ன மஞ்சள் மாத்திரையாக வந்து இடம் மாறிவிடுகின்றன. மூன்றாவது, மில்லிகிராம் மாற்றம். 15 மி.கி. என்றால் 2.5 மி.கி. மாத்திரை ஆறு. கடையில் அது இல்லாமல் 10 மி.கி. அட்டையைக் கொடுத்து, அவர் பழக்கப்படி ஆறு போட்டால் 60 மி.கி. உள்ளே போய்விடும். ஆகவே ஒருவருக்கு ஒரே அளவு மாத்திரைதான் என்று முடிவு செய்து சீட்டிலேயே எழுதிவிட வேண்டும். அட்டையின் மேல் நான் "ஞாயிறு மட்டும்" என்று கிழமையை எழுதித்தான் கொடுப்பது. "வாரம் ஒருமுறை" என்பதைவிடக் கிழமையின் பெயர் மனத்தில் நிற்கும்.

வாய்ப்புண், தொண்டை வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் ரத்தக்கட்டு: மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர் இவற்றோடு வந்து வாய்ப்புண்ணுக்குக் களிம்பு கேட்டால் களிம்பை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. மாத்திரையை நிறுத்தி அன்றே ரத்த அணுக்களை எண்ணச் சொல்லி அனுப்ப வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டின் நச்சை முறிக்கும் மருந்து லூக்கோவோரின். மருத்துவமனையில் அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் எளிதாக எழுதப்படும் கோட்ரைமாக்சசோல் (செப்ட்ரான் என்றால் எல்லாருக்கும் தெரியும்) இதோடு சேரவே கூடாது. அணுக்கள் பெருகத் தேவையான ஃபோலேட் வைட்டமினின் பாதையையே இரண்டும் அடைக்கின்றன, எலும்பு மஜ்ஜை முடங்கிவிடும். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்து உடலில் நீர் வற்றினால் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறாமல் தேங்கும். அந்த வாரத்து மாத்திரையைப் போடலாமா என்று மருத்துவரைக் கேட்ட பிறகே போட வேண்டும். கோடையில் இதை நான் எல்லாரிடமும் சொல்லிவிடுவேன்.

இந்த மருந்தின் வேருக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் ஆசிட் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றிருந்தார். அங்கே உருவான, மெத்தோட்ரெக்சேட்டின் முன்னோடியான அமினோப்டெரினைக் கொண்டுதான் சிட்னி ஃபார்பர் 1948இல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். 1951இல் குப்னர் குழுவினர் அதே மருந்தை முடக்கு வாதத்தில் முயன்றார்கள். அதன் பிறகு நீண்ட மௌனம். 1980களில்தான் மெத்தோட்ரெக்சேட்டுக்கு முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் வந்தன, 1988இல் அதற்கு அமெரிக்காவில் முடக்கு வாதத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

ஆய்வகத் தொழில்நுட்பர்

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதறுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி.யின் அலகைப் பாருங்கள். சில லேப் லிட்டருக்கு மி.கி. என்று தரும், சில டெசிலிட்டருக்கு மி.கி. என்று தரும். 12 மி.கி./லி. என்பதும் 1.2 மி.கி./டெ.லி. என்பதும் ஒன்றே. லேப் மாற்றியதும் "பன்னிரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது" என்று மகிழ்ந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

இ.எஸ்.ஆர். (குழாயில் சிவப்பணு படியும் வேகம், இதுவும் அழற்சியைக் காட்டுவது) இன்னும் சிக்கலானது. ரத்த சோகை இருந்தாலே ஏறும், வயது கூடினால் ஏறும், கர்ப்பத்தில் ஏறும். தோராயக் கணக்கு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. 60 வயதுப் பெண்ணுக்கு 35 வரை இருப்பது சாதாரணம். எங்கள் பக்கத்துத் தவறுகளும் உண்டு. இதைப் பார்க்கும் வெஸ்டர்கிரென் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். மூன்று டிகிரி சாய்ந்தாலே அளவு 30 சதவீதம் வரை கூடிவிடும். நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற விகிதம் தவறினாலும், நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்த ரத்தத்தில் பார்த்தாலும், ஓடும் சென்ட்ரிஃப்யூஜ் இருக்கும் மேசையிலேயே குழாயை நிறுத்தினாலும் எண் நம்பத் தக்கதல்ல.

"ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்" என்று சேர்த்து விற்கப்படும் ஏ.எஸ்.ஓ. பரிசோதனைக்கு இந்த நோயில் வேலையே இல்லை. அது தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்துபோனதைக் காட்டுவது, இதயத்தைத் தாக்கும் ரூமாட்டிக் காய்ச்சலுக்கானது. ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்றாலே முடக்கு வாதம் என்றும் எண்ண வேண்டாம். காசநோயிலும் கல்லீரல் அழற்சி சி வகையிலும் நல்ல ஆரோக்கியமான முதியவர்களிலும் பாசிட்டிவ் வரும். ரத்தத்தில் இன்னொரு எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஆன்டி சி.சி.பி. பரிசோதனை அதைவிட நம்பகமானது. ஆனால் நோய் உறுதியான பிறகு இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுப்பது வீண் செலவு, சிகிச்சையை அது மாற்றப் போவதில்லை.

மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் நாளையும் கவனிக்க வேண்டும். மாத்திரை போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ எடுத்தால் கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. தற்காலிகமாக ஏறியிருக்கும், அதைப் பார்த்து நல்ல மருந்தை வீணாக நிறுத்திவிடுவார்கள். ஞாயிறு மாத்திரை என்றால் வெள்ளி அல்லது சனிக்கிழமை வாருங்கள்.

பிரிட்டிஷ் ரூமட்டாலஜி சங்கம் 2017இல் சொன்ன கால அளவு: மருந்தின் அளவு நிலைபெற்று ஆறு வாரம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதம் மாதாமாதம், அதன் பிறகு 12 வாரத்துக்கு ஒருமுறை. வெள்ளை அணு 3,500க்குக் கீழே, நியூட்ரோஃபில் 1,600க்குக் கீழே, தட்டணு (பிளேட்லெட்) 1,40,000க்குக் கீழே, ஏ.எல்.டி. 100க்கு மேலே, கிரியாட்டினின் ஓராண்டுக்குள் 30 சதவீதத்துக்கு மேல் ஏற்றம்: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன்னால் மருத்துவரிடம் பேச வேண்டும். ஒற்றை எண்ணைவிடப் போக்கு முக்கியம். தட்டணு 3,20,000 இருந்து 2,40,000, பிறகு 1,70,000 என்று இறங்கி வந்தால் எல்லா ரிப்போர்ட்டும் "நார்மல்" என்றே அச்சாகியிருக்கும்.

கண் பரிசோதகர்

முடக்கு வாதத்துக்குத் தரப்படும் இன்னொரு மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி மட்டும், சுருக்கமாக. இது விழித்திரையைப் பாதிக்கக் கூடும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.க்கு மேல் வேண்டாம். 50 கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமாக எழுதப்படும் 400 மி.கி. அதிகம், ஒருநாள் 200, மறுநாள் 300 என்று மாற்றிப் போட்டால் அளவு சரியாகும். தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு முறையும், ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை தேவை. சிறுநீரகம் பழுதானவர்கள் ஐந்தாண்டு வரை காத்திருக்கக் கூடாது. சாதாரணமாக எழுத்துப் பலகையைப் படிக்க வைத்து அனுப்பினால் போதாது, விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் பார்வைப் புலப் பரிசோதனையும் வேண்டும். ஆசியர்களுக்குச் சேதம் மையத்தைச் சுற்றிச் சற்று வெளியே தொடங்குவதுண்டு. பார்வை மையத்தைப் பார்க்கும் 10-2 புலப் பரிசோதனையோடு, அகலமாகப் பார்க்கும் 24-2 அல்லது 30-2 செய்யச் சொல்லிக் கேளுங்கள். பார்வை மங்கிய பிறகு மருந்தை நிறுத்தினாலும் இழந்தது திரும்பாது.

மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

உயிரியல் மருந்து ஊசிகளுக்கு வருகிறேன். டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு புரதத்தைத் தடுத்தால் மூட்டு அழற்சி அடங்கும் என்று லண்டன் கென்னடி ஆய்வகத்தில் மார்க் ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் காட்டினார்கள். 1992இல் முதல் நோயாளிகளுக்கு டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றப்பட்டது. ஆனால் நம் உடலில் அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிக் கட்டிய அரணைத் தாங்குவதும் அதே டி.என்.எஃப். தான். 2001இல் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்தவர்களில் 70 பேரின் காசநோய் விவரம் வெளியானது. பாதிப் பேருக்கு 12 வாரத்துக்குள் வந்துவிட்டது, பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியே வந்திருந்தது. ஆகவே ஊசி தொடங்கிய பின் இருமலுக்காகக் காத்திருக்கக் கூடாது. மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, கழுத்தில் கட்டி, வயிறு உப்புதல் எதுவானாலும் சந்தேகம் வர வேண்டும்.

ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான மான்டூ (தோல் ஊசி) அல்லது இக்ரா (ரத்தப் பரிசோதனை), கல்லீரல் அழற்சி பி வகைக்கான ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி ஹெச்.பி.சி. எல்லாம் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்கு மான்டூ பொய்யாக நெகட்டிவ் காட்டும். முடியுமானால் ஸ்டீராய்டுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. அடங்கிய காசநோய் தெரிந்தால் அதற்கான தடுப்பு மருந்தைக் குறைந்தது ஒரு மாதம் எடுத்த பிறகே ஊசி.

இன்னோர் உயிரியல் மருந்தான டோசிலிசுமாப் எடுப்பவரிடம் ஆய்வகத் தொழில்நுட்பர் சொன்ன சி.ஆர்.பி.யை நம்பவே முடியாது. அந்த மருந்து அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.6 என்ற புரதத்தைத் தடுக்கிறது. சி.ஆர்.பி.யைச் செய்யும்படி கல்லீரலை ஏவுவதே ஐ.எல்.6. நிமோனியா முற்றியிருக்கும்போதும் எண் நார்மலாக இருக்கலாம்.

டோஃபாசிடினிப் மாத்திரை வசதியானது, அதனாலேயே எளிதாக எழுதப்படுகிறது. 50 வயது கடந்து, இதய நோய்க்கான ஓர் ஆபத்துக் காரணியாவது உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. டி.என்.எஃப். ஊசிகளை எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாக வந்தன. புகைப்பவருக்கு இதை முதல் தேர்வாகக் கொடுப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அக்கியும் அதிகம் வரும்.

ஊசி வாங்க வசதியில்லை என்று மனம் உடைகிறவர்களுக்கு 2013இல் வந்த ராகேட் ஆய்வைச் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதவர்கள் 353 பேர். ஒரு பிரிவுக்கு சல்ஃபாசாலசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சேர்த்தார்கள், மற்றதற்கு எட்டனர்செப்ட் ஊசி சேர்த்தார்கள். பலன் போதாதவர்களை 24 வாரத்தில் மறுபக்கம் மாற்றினார்கள். 48 வாரத்தில் மூன்று மாத்திரை வழி ஊசி வழிக்குக் குறைந்ததாக இல்லை.

இயன்முறை மருத்துவர்

வீட்டிலேயே கவனிக்கக் கூடியவை சில. காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்பதை வாரம் ஒரு குறிப்பிட்ட கிழமையில் எழுதுங்கள். எழுந்த நேரத்தையும், சட்டைப் பொத்தான் போட முடிந்த நேரத்தையும் குறித்தால் போதும். பிடிவலுவுக்குத் தனிக் கருவி வேண்டாம். டயல் வைத்த ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுருட்டி, 20 மி.மீ.க்குக் காற்றடித்து, கையால் பிழியச் சொல்லி, முள் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கையிலும் மூன்று முறை, ஒரே நேரத்தில். காலையில் ஒரு நாளும் மாலையில் ஒரு நாளும் எடுத்து ஒப்பிட்டால் பயனில்லை.

கைக்கடிகாரத்தின் அடிக்கணக்கு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நோய் கிளம்பும் வாரங்களில் நடை குறைவதை பிரான்சில் செய்த ஆய்வு ஒன்று கணினி மூலம் நன்றாகவே கண்டுபிடித்தது. ஆனால் மழை பெய்தாலும் வீட்டில் விசேஷம் என்றாலும் அடிக்கணக்கு மாறும். அதை நாட்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இன்னொன்று. நீண்ட நாள் நோயுள்ளவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான தசைநார் தளர்ந்துவிடக் கூடும். பின்மண்டை வலி, தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கைவிரல் மரத்துப்போதல் இருந்தால் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் கழுத்தில் கை வைக்கக் கூடாது. நெட்டி முறிப்பதும் இழுவைச் சிகிச்சையும் கூடவே கூடாது. எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் "எனக்கு முடக்கு வாதம், கழுத்து எக்ஸ்ரே பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். குழாய் செருகக் கழுத்தைப் பின்னால் வளைப்பார்கள், தண்டுவடம் நசுங்கும் ஆபத்து அங்கேதான்.

மூட்டுநோய்ப் பிரிவு செவிலியர்

நல்ல வேளை கழுத்தைச் சொன்னீர்கள் சார். இதயத்தையும் விட்டுவிடக் கூடாது. இந்த நோயில் மாரடைப்பு வாய்ப்பு கூடுதல் என்பதால், ஐரோப்பிய ரூமட்டாலஜி கூட்டமைப்பு வழக்கமான கணக்கை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது. அழற்சி தீவிரமாக இருக்கும்போது கொழுப்பு அளவு குறைவாகத் தெரியும். நோய் அடங்கிய பிறகு எடுத்தால்தான் உண்மை தெரியும்.

மருந்தாளுநர்

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். மறந்தது இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வாரம் பழைய கிழமைக்கே திரும்ப வேண்டும். இரண்டு நாள் தாண்டிவிட்டால் அந்த வாரம் விட்டுவிடுங்கள், அடுத்த கிழமையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது. குமட்டல் தாங்காதவர்கள் இரவு உணவுக்குப் பின் போட்டுப் பார்க்கலாம். 15 மி.கி.க்கு மேல் போனால் குடல் முழுவதையும் உறிஞ்சாது. அப்போது மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல் தோலடி ஊசியாக மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. வாரத்தில் குறைந்தது ஒன்றாவது, மெத்தோட்ரெக்சேட் கிழமையைத் தவிர்த்து. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, மூன்று மாதத்துக்கு முன்பே மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த வேண்டும். ஃபோலிக் ஆசிட்டை அப்போது நிறுத்தக் கூடாது.