வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வகுப்பு: போனால் பயன் உண்டா?

கொருக்குப்பேட்டை மருமகள்:
எங்கள் அத்தைக்கு ஸ்ட்ரோக் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கை, கால் வராது, பேச்சு குழறும், அவர் சொல்வது இப்போது எனக்கு மட்டும்தான் புரிகிறது. குளிப்பாட்டுவது, டயாப்பர் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான்தான். வீட்டுக்காரருக்கு மணலி பக்கம் ஷிப்ட் வேலை. நாத்தனார் திருவொற்றியூரில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து பழம் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பிசியோ பொண்ணு போன வாரம் ஒரு விஷயம் சொன்னாள். என்னை மாதிரி ஆட்களுக்கென்றே குழுவாக ஒரு வகுப்பு நடக்கிறதாம். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஆறு வாரம், காசு கிடையாது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "பெத்த தாயைப் பார்த்துக்க வகுப்புக்குப் போவாங்களா?" என்கிறார். எனக்கும் குழப்பம்தான். போக வர, ரயில்வே கேட்டில் நிற்கிற நேரம் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகும், அதுவரை அத்தையை யார் பார்ப்பது? ஆனால் ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம், இடுப்பு விட்டுப் போகிறது. போன செவ்வாய் கஞ்சியைத் தட்டிவிட்டார் என்று அத்தையிடம் கத்திவிட்டேன், அவர் அழுதார், நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வியாசர்பாடி வாசகி:
நான் போனேன்மா. என் அம்மாவுக்கு மறதி நோய், ஐந்தாவது வருஷம். நோயாளியைப் புரட்டுவது, ஊட்டுவது சொல்லித் தருவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். முதல் வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், கடைசியாக உங்கள் பிரஷரை எப்போது பார்த்தீர்கள், இதுதான் கேள்வி. பதிமூன்று பேரில் பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை, எனக்கும்தான். அப்புறம் காசிமேட்டிலிருந்து வந்த அக்கா ஒருத்தர், விடியற்காலை மூன்று மணிக்கு மீன் எடுக்கப் போகிறவர், வீட்டுக்காரர் படுக்கையில். "சில நாள் இவர் போய்ச் சேர்ந்தா தேவலைன்னு தோணுது" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். யாரும் திட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர் "எனக்கும் தோணியிருக்கு" என்றார். அந்த நிமிஷம் என் நெஞ்சில் இருந்த ஒரு கல் இறங்கியது, பொய்யில்லை.

ஒவ்வொரு வாரமும் நமக்கென்று ஒரு சின்ன காரியம் செய்வதாகச் சொல்ல வேண்டும். "ஓய்வெடுப்பேன்" என்றால் விடமாட்டார்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். நான் செவ்வாய், வியாழன் சாயந்திரம் இருபது நிமிஷம் மொட்டை மாடி என்றேன். அடுத்த வாரம் போனதும் எல்லாரும் கேட்டார்கள், அதற்காகவாவது மாடி ஏறினேன். உதவி கேட்பதும் அப்படித்தான். "யாராவது வந்து பார்க்கக் கூடாதா" என்று பொதுவாகப் புலம்பினால் ஒருத்தரும் வரமாட்டார்கள், "புதன் பத்து மணிக்கு வா, ஒரு மணி வரை உட்கார்" என்று சொல்லிப் பாருங்கள். நாத்தனாரிடம் அப்படிக் கேட்டீர்களா?

பிசியோ தம்பி, பெரம்பூர்:
அக்கா, இடுப்பு வலியைச் சாதாரணமாக விடாதீர்கள். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தால்தான் படுக்கைப் புண் வராது, ஆனால் அதைத் தனி ஆளாகக் கையாலேயே இழுத்தால் உங்கள் முதுகு போய்விடும். தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி ஒரு பெட்ஷீட்டை மடித்து அடியில் போட்டு, முழங்காலை மடக்கி நின்று, ஷீட்டைப் பிடித்து இழுங்கள். வராத கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவும். கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, கொடுத்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் புரையேறி நுரையீரலுக்குப் போகும்.

இதை எழுதிப் படித்தால் கை பழகாது. வகுப்பில் ஒருத்தர் கட்டிலில் படுக்க இன்னொருத்தர் புரட்டுவார். தான் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இழுத்தால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரிகிறது, அதன் பிறகு அவர்கள் கை தன்னால் மெதுவாகிறது. ராத்திரி மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

ராயபுரம் அண்ணன்:
என் தம்பிக்கு மனச்சிதைவு, இருபது வருஷமாக நான்தான் பார்க்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், எல்லாக் குழுவும் ஒன்றில்லை. நான் முதலில் போன இடத்தில் ஆளாளுக்கு அழுதுவிட்டுக் கலைவோம், வீட்டுக்கு வந்தால் பாரம் இரண்டு மடங்கு. நான்கு வாரத்தில் விட்டுவிட்டேன். பிறகு போன இடத்தில் பாடம் இருந்தது. நோய் என்றால் என்ன, மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது, திரும்பப் போகிறது என்பதற்கு முதல் அறிகுறியாகத் தூக்கம் குறையும், வீட்டில் குத்திக்காட்டுகிற பேச்சு கூடினால் நோய் திரும்பும் வாய்ப்பும் கூடும். இதெல்லாம் தெரியாமல் பத்து வருஷம் அவனைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். இன்றைக்கும் வலிக்கிறது.

சென்னையில் இது புதிதும் இல்லை. டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்கிற மனநல அமைப்பு குடும்பங்களையும் சேர்த்தே பார்க்கிறது, நோயாளிகளின் வீட்டார் சேர்ந்து ஆரம்பித்த ஆஷா என்கிற அமைப்பும் இங்கேதான். தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரை ஒரு வாரமாவது கூட்டிக்கொண்டு போங்கள். நான் போன குழுவில் இருபது பேரில் ஆண்கள் இரண்டே பேர். பெத்த தாயை அவரும்தான் தூக்கப் பழக வேண்டும்.

கொருக்குப்பேட்டை மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. வியாசர்பாடி அக்கா சொன்ன மாதிரியே நேற்று நாத்தனாருக்குப் போன் போட்டு, புதன் பத்திலிருந்து ஒன்று வரை வர முடியுமா என்று நேராகக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மாவை எப்படித் தூக்கறதுன்னு எனக்குத் தெரியாதே அண்ணி, கீழே போட்டுடுவேனோன்னு பயம், அதான் சீக்கிரம் கிளம்பிடுவேன்" என்றாள். பதினான்கு மாதமாக அவளுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு வரும்போது பெட்ஷீட் வைத்துத் திருப்பிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், புதனும் வருகிறாளாம். வீட்டுக்காரர் இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் எனக்குப் பதிலாக நாத்தனார் வகுப்புக்குப் போனால் சேர்த்துக்கொள்வார்களா?

வியாசர்பாடி வாசகி:
சேர்த்துக்கொள்வார்கள்மா. எங்கள் குழுவில் அக்கா, தங்கை இரண்டு பேர் மாற்றி மாற்றி வந்தார்கள். முதல் வாரம் மட்டும் நீங்களே போங்கள்.