கையால் செய்து கற்றதில் இன்னும் மனசை விட்டுப் போகாதது எது?

வைகைக்கரை:
எல்லோரும் செய்யும் அந்த பேட்டரி மோட்டார்தான்: ஒரு பேட்டரி, ஒரு காந்தம், அதன் மேல் சுழலும் கம்பிச் சுருள். எட்டாம் வகுப்பு, ஆறு குழு. ஐந்து குழுவுக்குச் சுருள் சுற்றியது. ஒருத்தியுடையது மட்டும் முன்னும் பின்னும் ஆடிவிட்டு நின்றது. கம்பி மேல் மின்சாரம் கடத்தாத பூச்சு இருக்கும்; ஒரு முனையில் அதை முழுசாகவும் மற்றதில் பாதிப் பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவள் இரண்டையும் பளபளவென்று முழுசாகச் சுரண்டி வைத்திருந்தாள். வாங்கிச் சரிசெய்யக் கை நீட்டினேன். தரவில்லை. "இருங்க டீச்சர், பாதிச் சுற்று நல்லாப் போகுது, அப்புறம் பின்னாடி இழுக்குது." விரல் நுனியால் மெல்ல மெல்லத் திருப்பி, இழுக்கும் இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தாள். மறுநாள் நகப்பாலிஷ் கொண்டுவந்து ஒரு முனையில் பாதிப் பக்கம் பூசினாள். ஓடியது!

ஓடிய ஐந்து குழுவிடமும் "ஏன் பாதி?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பூட்டியஅலமாரி:
அப்படியென்றால் பாதி சுரண்டச் சொல்லியே இருக்கக் கூடாது டீச்சர். ஆறு குழுவும் ஆடி நின்றிருக்கும், ஆறும் யோசித்திருக்கும். நான் படித்த பள்ளியில் 3டி பிரிண்டரே இருந்தது. மூன்று வருடமும் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்த்தேன். உங்கள் பிள்ளைகள் கையிலாவது கம்பி இருந்தது.

ரீவைண்டிங்:
மேலே சொன்னவருக்கு: 40 நிமிஷப் பீரியடில் ஆறு குழுவும் தோற்றால், அடுத்த வாரம் அந்த டீச்சருக்கு யார் பீரியட் தருவார்கள்? தேர்வு முறை மாறாமல் இப்படிச் செய்து கற்பது நிலைக்காது. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் புத்தகத்தைப் பார்த்தே தேர்வு எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. அதையே 2002இல் நிறுத்திவிட்டார்கள்.

என் கதை சின்னது. அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்துதான் மின்சாரம் புரிந்தது.

டீச்சர், அடுத்த முறை அப்படி ஒரு கடையில் துண்டுக் கம்பி கேளுங்கள், சும்மாவே தருவார்கள். காந்தத்துக்குப் பழைய ஸ்பீக்கர் போதும். பேட்டரி மேலேயே பத்துச் சுற்றுச் சுற்றினால் வட்டம் சரியாக வரும். பிளேடு வேண்டாம், உப்புத்தாள் கொடுங்கள். சுருளைச் செங்குத்தாக நிறுத்தி, அந்த ஒரு முனைக் கம்பியின் மேல் பாதியை மட்டும் தேய்க்க வேண்டும். சுற்றாமல் நின்றால் உடனே கழற்றச் சொல்லுங்கள், கம்பி சுடும்.

வைகைக்கரை:
சரி சார். இந்த முறை பாதிக் கணக்கைச் சொல்லப் போவதில்லை. இரண்டு பீரியட் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.