புதிய இறால் இனத்தை விவரிக்கும் முதல் கட்டுரை: எங்கே, எப்போது அனுப்புவது?

ஓடைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நன்னீர் இறால்களின் வகைப்பாட்டியலில் ஆய்வு மாணவனாக மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். காரிடினா பேரினத்தைச் சேர்ந்த, இதுவரை யாரும் விவரிக்கவில்லை என்று நான் நம்பும் ஓர் இறாலைப் பற்றி என் முதல் கட்டுரையை எழுதி முடித்திருக்கிறேன். ஒரே ஓடையிலிருந்து பதினொரு மாதிரிகள் கிடைத்தன. அவற்றில் நான்கு ஆண், ஏழு பெண். பெண்களில் இரண்டு முட்டை சுமந்தவை. நெருங்கிய இனத்திலிருந்து இதைப் பிரித்துக்காட்ட நான் முதன்மையாகச் சொல்லியிருப்பவை இரண்டு: தலைக்கு முன்னால் நீளும் கொம்பு குட்டையாக இருப்பதும், அதன் மேல்விளிம்பில் பற்கள் கூடுதலாக இருப்பதும். இனங்களை அடையாளம் காணப் பயன்படும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவான சி.ஓ.1இன் வரிசை மூன்று மாதிரிகளுக்கு இருக்கிறது. அதுவும் வேறுபாட்டைக் காட்டுகிறது.

பொது விலங்கியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளர் எவருக்கும் அனுப்பாமலேயே, ஒரு தனி இனத்தின் விவரிப்பு தங்கள் வாசகர்களுக்குப் பொருந்தாது என்று நான்கே நாட்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வாரத்தில், நான் கேள்விப்பட்டிராத ஆய்விதழ் ஒன்றிலிருந்து, கட்டணம் செலுத்தினால் ஒரு வாரத்தில் வெளியிடுவதாக மின்னஞ்சல் வந்தது. இதற்கிடையில் வேறொரு குழுவும் அதே ஆற்றுப்படுகையில் மாதிரிகள் சேகரிப்பதாகத் தெரியவந்திருப்பதால், பெயரை உறுதிசெய்துகொள்ள உடனடியாக முன்பதிப்புத் தளத்தில் (மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரையை இணையத்தில் வைக்கும் தளம்) ஏற்றிவிடு என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். நெறியாளரோ இம்பாக்ட் ஃபாக்டர் (மேற்கோள்களை வைத்து இதழுக்குத் தரும் மதிப்பெண்) உள்ள இதழில்தான் வர வேண்டும் என்று உறுதியாக இருக்கிறார். இந்த மூன்று வழிகளில் எதில் போவது என்று தெரியாமல் நிற்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய நுண்ணோக்கி எழுதியது:

முன்பதிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் செய்யும் பெரிய பிழை அங்கேதான் நேரும். உடலியங்கியலிலோ சூழலியலிலோ முன்பதிப்பு உங்கள் முன்னுரிமையை ஓரளவு காக்கும். புதிய இனப்பெயரின் கதை வேறு. பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையத்தின் விதித்தொகுப்புப்படி, 2011க்குப் பிறகு மின்வடிவில் மட்டும் வரும் ஒரு படைப்பிலுள்ள பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், அந்தப் படைப்பு வெளிவருவதற்கு முன்பே ஸூபேங்க் என்ற விலங்குப்பெயர்ப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும்; பதிந்ததற்கான சான்றும் வெளியீட்டு நாளும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும்; பதிவேட்டுக் குறிப்பில் இதழின் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும், அதை நிலையாகக் காக்கும் ஆவணக்காப்பகத்தின் பெயரும் இருக்க வேண்டும். முன்பதிப்புகள் வழக்கமாக இவற்றை நிறைவுசெய்வதில்லை. ஆகவே நீங்கள் இன்று ஏற்றும் பெயர் உங்கள் பெயராக ஆகாது. அதே இறாலுக்கு அந்த இன்னொரு குழு அடுத்த மாதம் முறைப்படி வேறொரு பெயர் வைத்தால், அவர்கள் பெயரே நிற்கும். உங்கள் படங்களையும் அளவுகளையும் அவர்கள் கையில் கொடுத்ததுதான் மிச்சமாக இருக்கும்.

பெயர் விதிகளுக்குள் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பளிங்குக் கிரேஃபிஷ் என்ற, இறாலுக்கு உறவான நன்னீர் உயிரியைக் காட்டலாம். 1990களில் ஜெர்மனியின் மீன்தொட்டி வணிகத்தில் தென்பட்ட இந்த உயிரி, ஆணே இல்லாமல் பெண்ணிலிருந்து பெண்ணாகப் பெருகுகிறது என்பது 2003இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. 2010இல் அதற்கு ‘ஃபோர்மா’ (வடிவம்) என்ற அடையுடன் ஒரு பெயர் முன்மொழியப்பட்டது. ஆனால் 1960க்குப் பிறகு ‘வடிவம்’ என்ற நிலையில் வைக்கப்படும் பெயர்களை விதித்தொகுப்பு இனப்பெயராக ஏற்பதில்லை. தனி இனமாகக் கருத வேண்டும் என்ற வாதம் 2015இல் வந்தது. பெயருக்கு அடிப்படையாகும் மூலமாதிரியைச் சுட்டி, முறையான விவரிப்புடன் புரோகாம்பரஸ் விர்ஜினாலிஸ் என்ற பெயர் நிலைபெற்றதோ 2017இல், ஸூடாக்ஸா இதழில்தான். அடுத்த ஆண்டே அதன் மரபணுத்தொகுதியும் வெளிவந்துவிட்டது. மரபணுத்தொகுதியைப் படித்து முடிக்கும் அளவுக்குப் புகழ்பெற்ற ஓர் உயிரி, அதற்குச் சற்று முன்புவரை முறையான இனப்பெயர் இல்லாமல் இருந்தது என்பதைப் பெயர்வைக்கும் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

இனி உங்கள் கட்டுரை. உண்மையைச் சொன்னால், நீங்கள் கொடுத்திருக்கும் இரண்டு பண்புகளும் என்னைக் கவலைகொள்ள வைக்கின்றன. காரிடினாவில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன; கொம்பின் நீளத்தையும் பற்களையும் மட்டும் நம்பி வைக்கப்பட்ட பெயர்களால் இந்தப் பேரினத்தில் ஏற்பட்ட குழப்பம் கொஞ்சநஞ்சம் அல்ல. வயது, நீரோட்டம், ஒருமுறை ஒடிந்து மீண்டும் வளர்ந்த முனை ஆகிய எல்லாமே அந்தக் கொம்பை மாற்றிவிடும். மதிப்பீட்டாளர் முதலில் தேடப்போவது ஆணின் முதல் நீந்துகாலின் உட்கிளை எப்படி இருக்கிறது, இரண்டாம் நீந்துகாலில் உள்ள ஆண் இணையுறுப்பு எவ்வளவு நீளம், அதில் முட்கள் எங்கே நிற்கின்றன என்பவற்றைத்தான். பிறகு முதல் இணை நடைகாலின் மணிக்கட்டுக் கணுவின் நீள அகல விகிதம், வால்துடுப்பின் வெளிக்கிளையில் குறுக்காக ஓடும் மடிப்பிலுள்ள நுண்முட்களின் எண்ணிக்கை, முட்டையின் அளவு. முட்டையை அளந்தீர்களா? ஒரு மில்லிமீட்டரை நெருங்கும் பெரிய முட்டைகள் சிலவே இருந்தால், குஞ்சு ஓடையிலேயே வளர்ச்சியை முடிக்கும் இனம் அது. மிகச்சிறிய முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால், இளரிகள் (லார்வாக்கள்) உவர்நீர் வரை அடித்துச் செல்லப்பட்டு வளரும் இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஒரே அளவு, உங்கள் இறாலின் பரவல் இவ்வளவு குறுகியதாக இருப்பது நம்பத்தக்கதா என்பதையும் சொல்லிவிடும்.

நெருங்கிய இனத்தின் மூலமாதிரியை நேரில் பார்க்க முடியாவிட்டால், அதைக் காத்துவரும் அருங்காட்சியகத்துக்கு எழுதி, குறிப்பிட்ட உறுப்புகளின் நிழற்படங்களைக் கேளுங்கள். நூறாண்டு பழைய விவரிப்பிலுள்ள கோட்டோவியத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால், பழைய ஓவியரின் கைப்பிழைக்குப் புதிய பெயர் வைத்தவர் ஆகிவிடுவீர்கள்.

மரபுக்குறி எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். மரபணுப் பகுதியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். மூன்று மாதிரிகளின் சி.ஓ.1 வரிசை துணைச்சான்றுதான். அதைக் கட்டுரையின் முதுகெலும்பாக்க வேண்டாம். மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் துண்டுகள் உட்கருவுக்குள் படியெடுக்கப்பட்டுத் தங்கிவிடுவதுண்டு. பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும்போது அந்தப் போலிப் படிகளும் சேர்ந்து பெருகினால், ஒரே இனம் பல இனங்களாகத் தோன்றும். வெட்டுக்கிளிகளிலும் கிரேஃபிஷ்களிலும் இது எவ்வளவு ஏமாற்றும் என்பதை 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதன் பிறகும் வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்க்காமல் கட்டுரை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் நிறுத்தக்குறி (புரதத்தைப் பாதியில் முடிக்கும் மரபுக்குறி) வருகிறதா, டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தின் சேர்ப்போ இழப்போ வாசிப்புச் சட்டகத்தைக் குலைக்கிறதா, வரிசையைக் காட்டும் வரைபடத்தில் இரட்டை முகடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். முடிந்தால் 16எஸ் என்ற இன்னொரு மைட்டோகாண்ட்ரிய மரபணுப் பகுதியையும், உட்கருவிலிருந்து ஒரு மரபணுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை சதவீத வேறுபாடு இருந்தால் தனி இனம் என்று எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தும் கோடு எதுவும் கிடையாது. மேலும், வரிசை எடுக்கப்பட்ட மூன்று உடல்களும் எவை என்பது ஜென்பேங்க் (மரபணு வரிசைகளின் பொதுத் தரவுத்தளம்) எண்ணோடும் அருங்காட்சியக எண்ணோடும் இணைத்துச் சொல்லப்பட வேண்டும். மாதிரிகளை ஃபார்மலினில் போட்டுவிடவில்லை என்று நம்புகிறேன். அது டி.என்.ஏ.வைக் குலைப்பதோடு, அமிலத்தன்மை ஏறினால் சுண்ணாம்பு ஓட்டையும் அரிக்கும். ஒரு சிலவற்றை 95 சதவீத எத்தனாலில் தனியே வைப்பது நல்லது. ஆனால் அதில் கால்கள் முறுக்கிப்போய் எளிதில் ஒடியும் என்பதால், படம் வரைய வேண்டியவற்றை 70 அல்லது 75 சதவீதத்தில் வையுங்கள்.

தாமத வெளியீடு எழுதியது:

ஒரு வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லும் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம். நான் எழுதினேன். அது சிறிய நண்டு ஒன்றைப் பற்றிய கட்டுரை. கட்டணம் செலுத்திய ஒன்பதாம் நாளில் வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் கருத்து என்று வந்த ஒரே வரியில் ‘மொழி நன்றாக உள்ளது’ என்று மட்டும் இருந்தது. மகிழ்ச்சியில் அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. பிறகு, வகைப்பாட்டியலில் மூத்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, பதிவேட்டு எண் எங்கே என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த இதழுக்கு அச்சுப்படி கிடையாது, ஸூபேங்க் பதிவு இல்லை, நிலையான ஆவணக்காப்பகமும் இல்லை. திரும்பப் பெற வேண்டும் என்று எழுதியபோது, அதற்கும் தனிக் கட்டணம் கேட்டார்கள். நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பினால், இது ஏற்கெனவே வெளியானதல்லவா என்றார்கள். விதிகளின் கண்ணில் அந்த நண்டுக்குப் பெயர் இல்லை. ஆய்விதழ்களின் கண்ணில் அது வெளியாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இரண்டாண்டுகள் மாட்டிக்கொண்டேன்.

மீண்ட வழியையும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். புதிய மாதிரிகள் சேகரித்து, படங்களையெல்லாம் மறுபடி வரைந்து, முந்தைய வெளியீட்டில் பெயர் ஏன் செல்லுபடியாகவில்லை என்பதை முதல் பத்தியிலேயே வெளிப்படையாகச் சொல்லி, இனத்தைப் புதிதாகவே விவரித்தேன். பதிப்பாசிரியருக்கு அனுப்பிய கடிதத்திலும் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பெயரின் ஆண்டு இப்போது இரண்டாவது கட்டுரையின் ஆண்டுதான். அந்த இடைவெளியில் வேறொருவர் முந்தியிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஓடைக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டேன். முன்பதிப்பு எண்ணத்தையும் கைவிட்டுவிட்டேன்.

பழைய நுண்ணோக்கி ஐயா சொன்னபடி மாதிரிகளை மீண்டும் எடுத்து வைத்துப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது: நான் ஆண் என்று எழுதியிருந்த நான்கில் ஒன்றின் இரண்டாம் நீந்துகாலில் ஆண் இணையுறுப்பே இல்லை, அது இளம் பெண்ணாக இருக்க வேண்டும். இன்னொன்றில் அது முளைவிடும் நிலையில் இருக்கிறது. ஆக, முதிர்ந்த ஆண்கள் இரண்டே. அவற்றின் முதல் நீந்துகாலின் உட்கிளை, நெருங்கிய இனத்தின் படத்தில் இருப்பதுபோல நுனி குறுகாமல், நன்றாக அகன்று இலைபோல இருக்கிறது. கொம்பைவிட இது தெளிவான வேறுபாடு என்று இப்போது புரிகிறது. முட்டைகள் பெரியவை, நீள்வாட்டில் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர், ஒரு பெண்ணில் இருபத்துமூன்று மட்டுமே. சி.ஓ.1 வரிசைகளை மொழிபெயர்த்துப் பார்த்ததில் நிறுத்தக்குறி எதுவும் இல்லை.

இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. நெறியாளரிடம் இம்பாக்ட் ஃபாக்டரைப் பற்றி என்ன சொல்வது? முதிர்ந்த ஆண்கள் இரண்டில் எதை ஹோலோடைப்பாக, அதாவது பெயரைத் தாங்கும் ஒற்றை மூலமாதிரியாக, வைப்பது? பெரியதற்கு இடப்பக்க முதல் இரண்டு நடைகால்களும் ஒடிந்திருக்கின்றன. சிறியது முழுமையாக இருக்கிறது.

பழைய நுண்ணோக்கி எழுதியது:

வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் என் முதல் கட்டுரையில் இளம் ஆண்களைப் பெண்கள் என்று எண்ணியிருந்தேன். மதிப்பீட்டாளர்தான் திருத்தினார், அதுவும் மிகவும் கடுமையான சொற்களில்.

நெறியாளருக்கு: இம்பாக்ட் ஃபாக்டர் என்பது முந்தைய இரண்டாண்டுக் கட்டுரைகள் ஓராண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதன் சராசரி. வகைப்பாட்டியல் கட்டுரையை முப்பது ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் படிப்பார்கள். அந்த வாசிப்பு இந்தக் கணக்கில் விழுவதே இல்லை. 2020இல், தன்மேற்கோள் மிகுதி என்று சொல்லி ஸூடாக்ஸாவை அந்த அளவீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். விலங்குகளின் புதிய பெயர்களில் கணிசமான பங்கு வெளிவரும் இதழில் முந்தைய பெயர்களை மேற்கோள் காட்டினால் அது அதே இதழாகத்தானே இருக்கும் என்று உலகெங்குமிருந்து எதிர்ப்பு எழுந்தது. சில வாரங்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். இதை அவரிடம் எடுத்துச் சொல்லலாம். அவர் எண்ணை விடவே மாட்டார் என்றாலும், ஓடுடைய கணுக்காலிகளுக்கென்றே உள்ள இதழ்கள் அவருக்கும் ஏற்புடையவையாக இருக்கும். 1981 முதல் வரும் ஜர்னல் ஆஃப் கிரஸ்டேசியன் பயாலஜி வெறும் விவரிப்பைவிட, அதோடு பரவலோ இனமரபு உறவோ பேசும் கட்டுரைக்குப் பொருத்தமானது. 1960 முதல் வரும் கிரஸ்டேசியானாவும் ஸூடாக்ஸாவும் தனி இன விவரிப்புக்கு இயல்பான இடங்கள். ஸூகீஸ் முழுத் திறந்த அணுக்கம் தரும்; அதற்குக் கட்டணம் உண்டு. உங்கள் நிலையில் நான் ஸூடாக்ஸாவுக்கோ கிரஸ்டேசியானாவுக்கோ அனுப்புவேன்.

ஹோலோடைப்பாகச் சிறியதையே வையுங்கள், அதன் இணையுறுப்பு முழு வளர்ச்சி அடைந்தது என்பதில் உங்களுக்கு ஐயம் இல்லாத பட்சத்தில். அளவின் பெருமைக்காக உறுப்பு இழந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்தால், மணிக்கட்டுக் கணுவின் விகிதத்தைச் சரிபார்க்க வருபவர் ஒரு பக்கத்தை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். பெரியது பாராடைப்பாக (துணை மாதிரியாக) இருக்கட்டும்; நீந்துகாலைப் பிரித்தெடுத்து வரைய அதையே பயன்படுத்துங்கள், ஹோலோடைப்பில் கத்தி படுவது குறையும். பிரித்த உறுப்புகளைச் சிறு குழலில் இட்டு, அதே எண் எழுதிய சீட்டோடு அதே புட்டியில் போடுங்கள். தனிப் புட்டியில் வைத்தால் பத்தாண்டில் எது எதனுடையது என்று யாருக்கும் தெரியாது.

மாதிரிகளைப் பொது அருங்காட்சியகம் ஒன்றில் ஒப்படைத்து எண் வாங்கிய பிறகே கட்டுரையை அனுப்புங்கள். ஹோலோடைப்பைக் குறிப்பிட்டுச் சொல்வதும், அது இருக்கும் சேகரிப்பின் பெயரையும் இடத்தையும் சொல்வதும் 1999க்குப் பிந்தைய இனப்பெயர்களுக்குக் கட்டாயம். ‘ஆசிரியரின் ஆய்வகத்தில் உள்ளது’ என்று எழுதி அனுப்பினால் நல்ல பதிப்பாசிரியர் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார். ஒப்படைக்கும் வேலைக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் நீந்துகால் படத்தை முடித்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.