வந்த இடத்தில் ஒரு பிள்ளைக்கு அண்ணனாக இருப்பது: வேலூர்ப் பக்கத்திலிருந்து அமெரிக்கா வந்தவர்களுக்கு

கேள்வி: அண்ணா, காட்பாடியிலிருந்து வந்து 4 மாதம் ஆகிறது. எச்-1பி விசா. சனி, ஞாயிறு ரூமிலேயே கிடக்கிறேன். ஆபீசில் ஒருவர் ‘பிக் பிரதர்’ என்று சொல்லி ஒரு பையனை வாராவாரம் வெளியே கூட்டிப்போகிறார். நாமும் சேரலாமா? அப்பாவிடம் சொன்னால், “ஊரான் வீட்டுப் பிள்ளை உனக்கெதுக்குடா, ஏதாவது வம்பு வரப்போகுது” என்கிறார்.

பதில்: தாராளமாகச் சேரலாம், தம்பி. நான் குடியாத்தம். ஒரு பையனுக்கு 6 வருடமாக அண்ணனாக இருக்கிறேன். ஆனால் இந்த மாதமே போய்ச் சேர்ந்துவிடாதே. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நீ கேட்பது பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பாகத்தான் இருக்கும். 1904-ல் நியூயார்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்டர் தொடங்கிவைத்தது. அந்தக் கோர்ட்டுக்கு வரும் பையன்களைப் பார்த்துப் பார்த்து, ஆளுக்கொரு பையனுக்கு நண்பனாக இருங்கள் என்று ஊரில் இருந்த பெரிய மனிதர்களிடம் கேட்டார். இன்றும் அடிப்படை அதுதான். மாதத்தில் இரண்டு மூன்று தடவை, சில மணி நேரம். பூங்கா, லைப்ரரி, பந்து விளையாட்டு. டியூஷன் எடுக்க வேண்டியதில்லை, பணமும் கொடுக்க வேண்டியதில்லை.

சேரும்போது நேர்காணல் உண்டு, உன்னைத் தெரிந்தவர்களிடம் விசாரிப்பார்கள், குற்றப் பின்னணியும் பார்ப்பார்கள். இதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதே. முன்பின் தெரியாத ஆளோடு ஒரு தாய் தன் பிள்ளையை அனுப்புகிறாள், கேட்காமல் இருந்தால்தான் தப்பு. அப்பாவின் பயத்துக்கும் அதுவே பதில். சேர்ந்த பிறகும் அமைப்பிலிருந்து ஒருவர் உன்னோடும் பையனின் வீட்டோடும் பேசிக்கொண்டே இருப்பார். ஆண் பிள்ளைகள்தான் அதிக நாள் காத்திருக்கிறார்கள், தொண்டுக்கு வரும் ஆண்கள் குறைவு. சம்பளமில்லாத தொண்டுக்கு விசா தடையாக இருக்காது. மனசு கேட்கவில்லை என்றால் கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

சரி, ஏன் பொறுத்துச் சேரச் சொல்கிறேன்?

குறைந்தது ஒரு வருடம் இருப்பேன் என்று அவர்கள் வாக்கு வாங்குவார்கள். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1995-ல் வந்த ஆய்வு 10 முதல் 16 வயது வரை உள்ள 959 பிள்ளைகளை எட்டு நகரங்களில் ஒன்றரை வருடம் கவனித்தது. அண்ணனோ அக்காவோ கிடைத்த பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடங்குவது மற்றவர்களைவிட 46 சதவீதம் குறைவாக இருந்தது. அதே தகவல்களை கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மறுபடி அலசி 2002-ல் எழுதினார்கள். ஒரு வருடம் தாண்டிய நட்பில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன பிள்ளைகளுக்குத் தன்மேல் இருந்த மதிப்பே குறைந்திருந்தது. ஏற்கெனவே ஒருவர் விட்டுப்போன பிள்ளையை நீயும் விட்டுப்போனால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று அது நினைத்துக்கொள்ளும்.

நம் நிலைமை உனக்கே தெரியும். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். கிளையன்ட் மாறினால் வேறு ஊர். நீ வந்து நாலு மாதம்தான் ஆகிறது, கார்கூட இன்னும் வாங்கியிருக்க மாட்டாய். முதலில் காலூன்று. நேர்காணலில் விசா விஷயத்தை மறைக்காமல் சொல். பள்ளிக்கூடத்திலேயே போய்ப் பார்க்கும் திட்டம் உன் ஊரில் இருந்தால் அது உனக்கு இன்னும் பொருந்தும்.

எனக்கு இது ஒரே நாளில் புரிந்தது. சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை டிராபிக்கில் மாட்டி 20 நிமிடம் தாமதம். போய்ப் பார்த்தால், அந்தக் குளிரில் பையன் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மடியில் பந்து. “வர மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க” என்றான். அவ்வளவுதான். அன்று முழுக்க அவன் வேறெதுவும் பேசவில்லை.

எனக்கும் ஊரில் ஒருவர் இருந்தார், தம்பி. அப்பா இல்லை. அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி வரை பீடி சுற்றுவாள். தெருக்கோடியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சைக்கிள் மணி கேட்கும். “இன்னாடா, கிளம்பிட்டியா?” கௌண்டன்ய ஆற்றுக் கரைவரை ஓட்டிப்போவார், டீக்கடையில் ஒரு பன், பேப்பரில் ஒரு செய்தியை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்று அந்தக் கூட்டத்தில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அதையெல்லாம்விட மனதில் நிற்பது வேறு. வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வாரம், சனிக்கிழமையே வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவார்: “நாளைக்கு வர மாட்டேன், காத்துக்கிட்டு இருக்காதே.” எட்டு வயசுப் பையனிடம் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

கேள்வி: நன்றி அண்ணா. அடுத்த வருடம் கார் வாங்கிக்கொண்டு விண்ணப்பிக்கிறேன். என் இங்கிலீஷ் அந்தப் பையனுக்குப் புரியுமா? கூட்டிப்போய் என்னதான் பேசுவது?

பதில்: முதல் இரண்டு மாதம் நீ பேச வேண்டியதே இல்லை. சேர்ந்து ஏதாவது செய்யுங்கள், பேச்சு தானாக வரும். எங்களுக்கு கேரம் போர்டு கைகொடுத்தது. பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை எப்படிச் சுண்டுவது என்று காட்டினேன். மூன்றாவது வாரம் காயைப் பார்த்துக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். நான் பதில் சொல்லவில்லை, ஆட்டத்தையும் நிறுத்தவில்லை. என் உச்சரிப்பு புரியாவிட்டால் “மறுபடி சொல்லுங்க” என்பான், சொல்வேன்.

பையன் படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடாதே, ஊர் குரூப்பிலும் வேண்டாம். விலை உயர்ந்த பரிசும் வேண்டாம், அவன் அம்மாவுக்கு அது சங்கடம். எதுவானாலும் முதலில் அந்த அம்மாவிடம் கேள்.

டிசம்பரில் நான் மூன்று வாரம் குடியாத்தம் போகிறேன். அவன் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் காலண்டரில், வராத சனிக்கிழமைகளை இருவருமாகப் பேனாவால் குறித்துவிட்டோம். திரும்பி வரும் சனிக்கிழமையைச் சுற்றி அவனே ஒரு வட்டம் போட்டான்.