10 மீட்டரில் குரூப் சேரவில்லை: பெல்லட் கோளாறா, ஏர் ரைபிள் கோளாறா?

சோமு_கானாடு:
வணக்கம். கானாடுகாத்தானில் பழைய வீடு. இரண்டாம் கட்டில் 10 மீட்டர் அளந்து ஏர் ரைபிள் பயிற்சி. பேரலை மடித்து ஏற்றும் ஸ்பிரிங் ரகம், 4.5 மி.மீ., டெலஸ்கோப் கிடையாது, குறி பார்க்கும் இரும்பு சைட்தான். மேசைமேல் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் முன்கட்டையை (துப்பாக்கியின் முன்பக்க மரப் பிடி) அழுத்திப் பிடித்துச் சுடுவது வழக்கம்.

கூர்முனை பெல்லட்டில் (ஏர் ரைபிளில் போடும் சிறு குண்டு) ஒரு குரூப், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட ஐந்து குண்டு, 35 முதல் 40 மி.மீ. வரை பரவுகிறது. நான்கு ஒட்டினாற்போல் விழும், ஒன்று எங்கோ ஓடும். தட்டைத் தலை 25க்கு வந்தது; மறுநாள் அதே டப்பா 35. ஈயமில்லாத எடை குறைந்த ரகத்தில் சத்தம்தான் பெரிது, குறி இன்னும் மோசம். இதில் இன்னொன்று: காலையில் நடுவில் விழுவதெல்லாம் மதியம் முற்றத்தில் வெயில் இறங்கியதும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகிறது.

விலை கூடிய டப்பா வாங்கலாமா? எந்தத் தலை, எடை எத்தனை கிரெய்ன்?

பள்ளத்தூரான்:
சோமு அண்ணே, டப்பா வாங்குவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மணல் மூட்டையில் அழுத்திப் பிடிக்கிறீர்களே, பாதிக் கோளாறு அதில்தான்.

ஸ்பிரிங் ரைபிளில் ட்ரிகர் விட்டதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அழுத்தப்பட்ட காற்றில் மோதி பிஸ்டன் நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுக்கிறது. இதெல்லாம் நடக்கையில் பெல்லட் இன்னும் பேரலுக்குள்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி ஒரே மாதிரி அசைய வேண்டும். அசையாமல் நிறுத்திவிட முடியாது. இறுக்கிப் பிடித்தால் உங்கள் இறுக்கம் எப்படி மாறுகிறதோ அப்படியெல்லாம் குண்டு மாறும். மூட்டைமேல் உங்கள் இடது கையை வைத்து, திறந்த உள்ளங்கையில் முன்கட்டையைச் சும்மா உட்கார வையுங்கள். விரல்கள் பற்றக் கூடாது. துப்பாக்கி தராசு மாதிரி நிற்கும் இடம் பெரும்பாலும் ட்ரிகர் வளையத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். அங்கே கட்டையின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒவ்வொரு குண்டுக்கும் கை அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். தோளில் தொட்டால் போதும், கன்னத்தை அழுத்த வேண்டாம். குண்டு போன பிறகும் ஒரு விநாடி சைட்டையே பார்த்துக்கொண்டிருங்கள். சுட்டதும் தலையைத் தூக்கும் பழக்கம் இருந்தால் எந்த பெல்லட்டும் உதவாது.

அடுத்தது ஸ்க்ரூ. முன்கட்டையின் இரு பக்கமும் இரண்டு, ட்ரிகர் வளையத்துக்கு முன்னால் ஒன்று. இந்த மூன்றும் இரட்டை உதையில் தானாகத் தளரும். "நேற்று 25, இன்று 35" என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான். கழற்றி எண்ணெயைத் துடைத்துவிட்டு, லாக்டைட்டில் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) நீல ரகம் ஒரு சொட்டு வைத்து முடுக்குங்கள். சிவப்பு ரகம் வேண்டாம், பிறகு கழலாது. மரத்தை நசுக்கும் அளவு முடுக்கவும் கூடாது. பேரல் மடியும் இடத்து போல்ட்டையும் பாருங்கள். மூடிய பேரலைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சமும் ஆடக் கூடாது.

பேரல் பொருந்தும் இடத்தில் ரப்பர் சீல் இருக்கும். அந்த மூட்டின்மேல் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை வைத்து, பெல்லட் போட்டுச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று கசிகிறது, வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். சீல் மாற்றுவது சின்ன வேலைதான்.

புது பேரலுக்குள் தொழிற்சாலை கிரீஸ் இருக்கும். தடித்த தூண்டில் நரம்பை மடித்து பேரலில் நுழைத்து, அதன் மடிப்பில் பருத்தித் துணித் துண்டைக் கோத்து, பெல்லட் போடும் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக இழுங்கள். துணி சுத்தமாக வரும்வரை போதும். இரும்புக் கம்பி விடாதீர்கள், வாய் விளிம்பு கெட்டால் குறியும் கெட்டது. அந்த விளிம்பைச் சோதிக்கக் காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுற்றி இழுத்தால் போதும். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. காற்று அறைக்குள் மட்டும் தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதையும் விடக் கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடித்து டீசல் இஞ்சின் மாதிரி வெடிக்கும். புகையும் கூடுதல் சத்தமும் வந்தால் அதுதான். வேகம் கன்னாபின்னாவென்று ஏறி இறங்கும், சீலும் கருகும்.

மதியம் நகர்வது வெளிச்சத்தால். முன் சைட்டின் ஒரு விளிம்பு மட்டும் பளபளக்க, கண் அந்தப் பளபளப்பையே நடுவில் வைக்கப் பார்க்கும். முற்றத்துப் பக்கம் ஒரு பாய் அல்லது மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். முன் சைட் இரும்பு என்பதால் ஒரு சூடம் கொளுத்தி அந்தக் கரும்புகையைப் பிடித்தால் மை போல மங்கிய கறுப்பு வரும், பளபளப்பு அடங்கும். பிளாஸ்டிக் சைட் என்றால் இதைச் செய்யாதீர்கள், உருகிவிடும்.

ஈயக்குண்டு:
பள்ளத்தூரார் சொன்னதை முடித்த பிறகு பெல்லட்.

10 மீட்டருக்கு தட்டைத் தலைதான். காகிதத்தில் வட்டமாக வெட்டும், அளக்க வசதி. போட்டிகளில் 10 மீட்டருக்கு இதைத்தான் போடுகிறார்கள்; ரைபிளுக்கு 0.53 கிராம் ரகம் சாதாரணமாகக் கிடைக்கும். 20, 25 மீட்டர் தாண்டினால் தட்டைத் தலை காற்றில் தடுமாறும், அங்கே உருண்டைத் தலை எடுங்கள். கூர்முனை பார்க்க அழகு, அவ்வளவுதான். மெல்லிய ஈய முனை டப்பாவுக்குள்ளேயே மோதி மழுங்கும். முனை நடுவில் இல்லாவிட்டால் சுழலும்போது குண்டு ஆடும். குழிமுனைக்கும் காகிதத்தில் வேலை இல்லை.

எடை: உங்கள் ரகத்துக்கு 7.5 முதல் 8.5 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 0.49 முதல் 0.55 கிராம். 0.53 கிராம் குண்டு விநாடிக்கு 240 மீட்டரில் போனால் சக்தி சுமார் 15 ஜூல். ஈயமில்லாத லேசான ரகம் ஒலியின் வேகத்தை நெருங்கும், சில சமயம் தாண்டும். அந்தப் பெரிய சத்தம் அதுதான். அந்த வேகத்தில் குண்டு நிலைகுலையும். பிஸ்டனுக்கு எதிர்ப்பு போதாமல் அது முட்டிக்கொண்டு ஸ்பிரிங்கும் சீலும் அடி வாங்கும். மிகக் கனமான குண்டிலும் பிஸ்டன் துள்ளிப் பின்வாங்கும், ஆகவே 10 கிரெய்னுக்கும் போக வேண்டாம்.

டப்பாமேல் ஒட்டிய சிறு தாளில் 4.50, 4.51, 4.52 என்று தலை விட்டம் போட்டிருக்கும் டப்பாக்களைத் தேடுங்கள். எது பொருந்தும் என்று அறிய, ஸ்பிரிங் ஏறாமல் பேரலை மட்டும் கொஞ்சம் மடித்து, ஒரு பெல்லட்டை மரக்குச்சியால் மெல்லத் தள்ளி மறுபக்கம் எடுங்கள். தலையைச் சுற்றிலும் பேரலின் உள்வரி பதிந்திருந்தால் சரி. பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்பகுதி) விளிம்பில் மட்டும் வரி என்றால் தலை சிறியது, பேரலுக்குள் சாய்ந்து போகும். போடும்போதே தானாக நழுவி உள்ளே விழுகிற பெல்லட்டும் வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தி விளிம்பு பேரலோடு சமமாக இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் மூடும்போது நசுங்கும்.

அந்த "ஓடிப்போன ஐந்தாவது" பல நேரம் நசுங்கிய பாவாடைதான். ஒரு கண்ணாடித் தகட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்து பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டுங்கள். தலையைவிடப் பாவாடை பெரிது என்பதால் நேராகப் போகாது, வில் போல வளைந்து இறங்கும். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் வந்து ஒரே இடத்தில் சேரும். துள்ளுவதும் வழி மாறுவதும் தனியே. அவற்றைக் கை பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம். எடை பார்த்துப் பிரிப்பதற்கு மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும், காரைக்குடியில் நகைப்பட்டறைக்கு விற்கும் தராசே போதும். ஆனால் 10 மீட்டருக்கு அந்த உழைப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

சோதிப்பது எப்படி என்றால், புது ரகம் போட்டதும் முதல் 15, 20 குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பேரல் அந்த ஈயத்துக்குப் பழக வேண்டும். பிறகு ஐந்து குண்டு வீதம் ஐந்து குரூப். மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் வெளி விளிம்புக்கு விளிம்பு அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள், ஐந்தின் சராசரிதான் விடை. நன்றாக வந்த ஒரு காகிதத்தை மட்டும் படம் எடுத்துப் போடுவதில் பயனில்லை. இரும்பு சைட்டில், மேசையில், சராசரி 15க்குள் வந்தால் அந்த டப்பாவோடு நில்லுங்கள்.

சோமு_கானாடு:
முன்கட்டையின் இடது ஸ்க்ரூ கையால் திருகும் அளவு தளர்ந்திருந்தது. முடுக்கி, உள்ளங்கைப் பிடியில் அதே பழைய தட்டைத் தலை சராசரி 19. இப்போது மணல் மூட்டையே தேவையில்லையா?

பள்ளத்தூரான்:
மூட்டை இருக்கட்டும், அது உங்கள் கைக்கு. துப்பாக்கிக்கு இல்லை.

வள்ளி_தேவகோட்டை:
யாரும் கேட்கவில்லை: குறிப்பலகை எங்கே நிற்கிறது? நம் வீடுகளில் முகப்பிலிருந்து பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். 10 மீட்டர் கிடைக்கிறதே என்று அந்தக் கோட்டில் வைத்தால், பலகைக்குப் பின்னால் யார் கதவைத் திறப்பார் என்று தெரியாது. வளவின் (உள்முற்றத்தின்) பக்கவாட்டு நடையில், முடிவில் கதவில்லாத சுவர் உள்ள பக்கமாக வையுங்கள், இடையில் திறக்கும் அறைக் கதவுகளைத் தாழிடுங்கள். கருங்கல் தூண் இருக்கும் பக்கம் கூடாது, ஈயம் தெறித்துத் திரும்பும்.

பலகைக்குப் பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு, மேல் விளிம்பு உங்கள் பக்கமாக 45 பாகை சாய்ந்து, கீழே மணல் தட்டு. குண்டு கீழ்நோக்கித் தெறித்துத் தட்டில் விழும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை நம்பி விடாதீர்கள், அந்தப் பூச்சை மறுபடி பூச ஆள் தேடி அலைய வேண்டும்.

ஈயத் தூளை விளக்குமாற்றால் பெருக்கினால் காற்றில் கிளம்பும். ஆத்தங்குடிக் கல் தரைதானே, ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் துணி வேறு எதற்கும் ஆகாது. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சுட்ட கையோடு பணியாரத்தில் கை வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெல்லட் போடும்போது மடித்த பேரலை மறு கையால் பிடித்தே இருங்கள். ட்ரிகர் தவறி விட்டால் பேரல் மேலே பாய்ந்து விரலை நசுக்கும்.

சட்டம்: 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு உட்பட்ட 4.5 மி.மீ. ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். கடினமான ஸ்பிரிங் மாற்றி அந்த எல்லையைத் தாண்டினால் உரிமம் இல்லாத ஆயுதம் ஆகிவிடும். குறிக்கும் அதனால் லாபமில்லை. புறா, கொக்கு என்று வெளியே திருப்பும் எண்ணமும் வேண்டாம்; வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை.

ஈயக்குண்டு:
சோமு அண்ணே, 19 வந்துவிட்டதால் 4.50, 4.51 இரண்டும் ஒவ்வொரு டப்பா வாங்கிப் பாருங்கள். முதல் டப்பா முடிந்ததும் ஸ்க்ரூவை மறுபடி தொட்டுப் பாருங்கள்.