கறுப்புக் காரில் வட்டக் கீறல்கள்: மெஷின் பிடித்த பின் மங்கல் கூடிவிட்டது, உதவி தேவை

கல்லடி வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய ரொயோட்டா செடான் கார் ஒன்று எங்கள் வீட்டில் உள்ளது. நிறம் கறுப்பு, தகட்டில் நிறக் குறியீடு 202 என்று போட்டிருக்கிறது. நிழலில் நிற்கும்போது குறை எதுவும் தெரியாது. காலை வெயில் பொனட்டில் விழுந்தால் மட்டும், சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதைப் போல மெல்லிய வட்டக் கீறல்கள் எழும்பி வருகின்றன.

இரண்டு மாதங்களுக்கு முன் ஓரிடத்தில் கட் அன்ட் பொலிஷ் செய்யக் கொடுத்தேன். எடுத்து வந்த அன்று முகம் பார்த்துத் தலை வாரலாம் என்றிருந்தது. மூன்று தடவை கழுவிய பிறகு பழைய கீறல்கள் அப்படியே திரும்பியதுடன், முன்பு இல்லாத ஒன்றும் சேர்ந்துகொண்டது. காரைச் சுற்றி நடக்கும்போது ஒளியோடு சேர்ந்து நகருகின்ற, நீரில் எண்ணெய் படர்ந்தாற் போன்ற அலைக்கோடுகள் அவை. கொடுத்த இடத்தில் கேட்டதற்குக் கடற்காற்றின் மீது பழியைப் போட்டார்கள்.

ஆகவே நானே செய்வோம் என்று 15 மில்லிமீற்றர் வீச்சுள்ள டீ.ஏ. (ஆடியபடி சுற்றும்) பொலிஷ் மெஷின் ஒன்றையும், அதில் பூட்டித் தேய்க்கும் மைக்ரோபைபர் வெட்டு பாட் ஒன்றையும், கடுமையான கொம்பவுண்ட் (தேய்க்கும் பசை) ஒரு போத்தலையும் வாங்கினேன். கடந்த ஞாயிறு மாலை நான்கு மணியளவில் மாமர நிழலில் காரை நிறுத்தி, வேகத்தை 6இல் வைத்து நன்றாக அழுத்திப் பிடித்தேன். கண்ணாடியில் மூச்சு விட்டதைப் போலப் பொனட் முழுவதும் வெண்மையான மங்கல் படிந்துவிட்டது. கதவில் பிடிக்கும்போது பாட் சுழலாமல் நின்று வெறுமனே அதிருகிறது. எல்லாவற்றையும் விட என்னைப் பயமுறுத்தியது, வெள்ளையாக இருந்த பாட் கரி பூசியதைப் போலக் கறுத்துப் போனதுதான். அதைப் பார்த்த அப்பா, "காரின் தோலை உரிக்கிறாய்" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெஷின் பழுதா? இன்னும் அழுத்த வேண்டுமா? பெயின்ட் மிச்சம் இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

ஏறாவூர் ஓட்டுனர்:

சகோதரருக்கு, 2000ஆம் இலக்க நீர்த்தாள் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்கி நனைத்து ஒரு தடவை தேய்த்துவிட்டுப் பிறகு கொம்பவுண்ட் பிடித்தால் எந்தக் கீறலும் நிற்காது. எனது வேனுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

கல்முனை பெயின்டர்:

தம்பி, தயவுசெய்து நீர்த்தாளைக் கையில் எடுக்க வேண்டாம். ஏறாவூர்த் தம்பி சொல்வது புதிதாகப் பெயின்ட் அடித்து, மேலே தடிப்பாகக் கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) ஊற்றிய வண்டிக்குப் பொருந்தும். தொழிற்சாலைப் பூச்சு வேறு கதை. பள்ளம் நிரப்பும் பட்டி, அடிப்பூச்சான பிரைமர், நிறம், கிளியர் என்று நாங்கள் கராஜில் போடுவது சில இடங்களில் மில்லிமீற்றர் கணக்கில் வரும். ஜப்பானில் அடித்து வந்த பூச்சோ, இரும்பிலிருந்து மேற்பரப்பு வரை எல்லா அடுக்குகளும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரோன் (ஒரு மில்லிமீற்றருக்கு ஆயிரம் மைக்ரோன்) வரைதான். கொப்பித் தாள் ஒன்றை விரலிடையில் பிடித்துப் பாருங்கள். ஏறத்தாழ அந்தத் தடிப்புக்குள்தான் உங்கள் கார் முழுவதும் மூடப்பட்டிருக்கிறது. அதிலும் மேலடுக்கு பாதிக்கும் குறைவு.

இனி அந்தக் கறுத்த பாட்டுக்கு வருவோம். பொதுவாகக் கார்களில் நிறத்துக்கு மேல் நிறமற்ற கிளியர் ஓர் அடுக்கு இருக்கும். அதைப் பொலிஷ் செய்தால் பாட்டில் வெள்ளையாகத்தான் படியும். பாட் கறுக்கிறது என்றால் உங்கள் பொனட்டில் கிளியர் இல்லை, கறுப்பே மேலடுக்கு என்று பொருள். ரொயோட்டாவின் 202 மினுக்கம் கலக்காத தனிக் கறுப்பு. பழைய வண்டிகள் பலவற்றில் அது இப்படி ஓரடுக்காகவே அடிக்கப்பட்டது. கிளியர் உள்ள காரிலும் பொலிஷ் பிடித்தால் அவ்வளவுதான் தேயும். அது வெள்ளையாக இருப்பதால் யாரும் பதறுவதில்லை. ஆகவே தோல் உரியவில்லை என்று அப்பாவிடம் சொல்லலாம். ஆனால் மென்மைக்குப் பேர் போன கறுப்பு அது. கல்லான கிளியருக்கு ஏற்ற பாட்டையும் கொம்பவுண்டையும் அதன் மேல் பிடித்தால், பழைய கீறலை எடுத்துக்கொண்டே புதிய நுண்கீறல்களை ஆயிரக்கணக்கில் போடும். நீங்கள் மங்கல் என்று சொல்வது அதுதான். மெஷினில் பழுதில்லை.

ஒரு காரில் மூன்று வேறு குறைகள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை கழுவும் துணியாலும் தூசி துடைப்பதாலும் வந்தது. அலைக்கோடு, கம்பளி பாட் பூட்டிய ரோட்டரி மெஷினால் வெட்டிவிட்டு, மென்மையான பாட்டால் முடிக்காமல் விட்டதால் வந்தது. மங்கல் உங்கள் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் கண்ணாடியாக மின்னி மூன்று கழுவலில் எல்லாம் திரும்பியதற்குக் காரணம், கீறல் எடுக்கப்படாமல் கிளேஸ் என்ற எண்ணெய் கலந்த பூச்சால் நிரப்பப்பட்டிருந்தது. கடற்காற்று இதில் நிரபராதி.

சில விவரங்கள் வேண்டும். பிடிப்பதற்கு முன் எப்படிக் கழுவினீர்கள்? பொனட் சூடாக இருந்ததா? கொம்பவுண்ட் துடைக்கச் சுலபமாக வந்ததா, மாவாக உதிர்ந்ததா? கார் எப்போதாவது ரிங்கர் வேலைக்கு (நசுங்கிய தகட்டை நிமிர்த்த) போனதா?

கல்லடி வாசி:

அண்ணன், விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி. குழாய் நீரில் சாதாரண ஷம்பூ போட்டுக் கழுவினேன், கிளே (அழுக்கை ஒட்டி எடுக்கும் களிக் கட்டி) பிடிக்கவில்லை. நிழலில் நிறுத்தினாலும் நண்பகல் வரை வெயிலில் நின்ற கார் என்பதால் பொனட் இளஞ்சூடாக இருந்தது. கச்சான் காற்றும் வீசிக்கொண்டிருந்தது. கொம்பவுண்ட் ஒரு நிமிடத்துக்குள் காய்ந்து மாவாகப் பறந்தது. ரிங்கர் வேலை பற்றி அப்பாவுக்கும் தெரியவில்லை; கார் எங்களுக்கு இரண்டாம் கையாக வந்தது. துடைப்பது என்றால், அப்பா தினமும் காலையில் பழைய சாரத் துண்டால் தூசி தட்டி உலர்த் துணியாகவே துடைப்பார். இருபது வருடப் பழக்கம்.

கல்முனை பெயின்டர்:

சிலந்தி வலைக்கான விடை அந்தச் சாரத் துண்டில் இருக்கிறது. கல்லடியில் இரவு முழுவதும் காற்றில் வந்து படிவது தூசி மட்டுமல்ல, கடற்கரை மணல். அதை உலர்த் துணியால் இழுப்பது காருக்குத் தினமும் ஒரு தடவை நீர்த்தாள் போடுவதுதான்.

கச்சான் வீசும் நேரத்தில் திறந்த வெளியில் மெஷின் பிடிக்கவே கூடாது. ஒரு மணல் பாட்டுக்குள் போனால் அது போடும் கீறல் சிலந்தி வலையை விட ஆழமானது. காற்று விழுந்த விடியற்காலை ஆறு மணிக்கு, மூன்று பக்கம் மறைப்புள்ள இடத்தில், நிலத்துக்கு நீர் தெளித்து அது வடிந்த பின் தொடங்குங்கள். ஈர நிலத்தில் வயர் கிடக்காமல் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ள வேண்டும். புறங்கையை பொனட்டில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். கழுவிய பின் ஷம்பூ நீரை வழுக்கலுக்கு விட்டுக் கிளே கட்டியை அழுத்தாமல் நகர்த்துங்கள். கை விரலுக்குச் சொரசொரப்பாகப் படும் பிசினும் இரும்புத் துகளும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கட்டி கீழே விழுந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள், கழுவிப் பயன்படுத்த நினைக்க வேண்டாம்.

பாட் நிற்பதற்கான காரணத்தையும் சொல்கிறேன். ரோட்டரியில் மோட்டர் பாட்டை நேரடியாகச் சுழற்றுவதால் அது எதற்கும் நிற்காது. ஆகையால்தான் விளிம்பைச் சுட்டுவிடும். உங்கள் டீ.ஏ. வகையில் மோட்டர் தட்டை மையம் விலகிய வட்டத்தில்தான் ஆட்டுகிறது. பாட் தன்னைத்தானே சுற்றுவது பெயாரிங்கின் உபயத்தால் தானாக நடக்கும் காரியம். அழுத்தினாலோ, ஒரு பக்கம் சரித்தாலோ சுற்று நின்று அதிர்வு மட்டும் மிஞ்சும், வெட்டும் நின்றுவிடும். தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு சுற்றுவது தெரியும் வரை உங்கள் கை சரி. கதவின் வளைவில் பாட் முழு முகமும் படுமாறு மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது ஒரு சோதனைச் சதுரம் மட்டும். பொனட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மாஸ்கிங் ரேப் ஒட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். மிக மென்மையான ஸ்பொஞ் பாட், மிக நுண்ணிய பொலிஷ், வேகம் 4. பயறு அளவில் நான்கு துளி போதும். மெஷினைப் போடாமலேயே பாட்டால் பரப்பிவிட்டுப் பிறகு போடுங்கள். மெஷினின் பாரத்தோடு கொஞ்சம் கை பாரம், அவ்வளவே. ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வேகத்தில் இடம் வலமாக ஒரு சுற்று, மேல் கீழாக ஒரு சுற்று என ஐந்து சுற்றுப் போய்விட்டு நிறுத்துங்கள். அதன் பின் ஐந்து பங்கு நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் அல்ககோல் கலந்து தெளித்து, புதிய மைக்ரோபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். நிரப்பு எண்ணெய் எதுவும் மறைத்திருந்தால் அது போய் உண்மை தெரியும். எல்ஈடி ரோச்சைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் நடுத்தர ஸ்பொஞ்சுக்கு ஏறலாம். எடுத்ததும் வெட்டு பாட்டில் தொடங்குவது, தடிமலுக்கு ஆஸ்பத்திரியில் படுப்பதைப் போன்றது.

அக்கரைப்பற்று காக்கா:

மேலே எழுதியவை அனைத்தும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இரண்டாம் கைக் கார் என்பதால், யாரிடமாவது பெயின்ட் தடிப்பு மானி இரவல் வாங்கி ஒவ்வொரு பலகையிலும் ஐந்தாறு இடங்களில் வைத்துப் பாருங்கள் தம்பி. நான் வாகனம் வாங்க விற்கும்போது அதில்லாமல் போவதில்லை. 100, 110 மைக்ரோன் என்று ஒரே சீராக வந்தால் தொழிற்சாலைப் பூச்சு. 200ஐத் தாண்டினால் மறு பூச்சு. 500, 600 என்று ஏறினால் உள்ளே பட்டி. 80க்குக் கீழே இறங்கும் இடத்தில் ஏற்கனவே யாரோ தாராளமாகப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து, மெஷினை வைக்காமல் விடுவது நல்லது. மானி மொத்தத் தடிப்பைத்தான் காட்டும், மேலடுக்கை மட்டும் தனியே காட்டாது; பிளாஸ்டிக் பஃபரில் (பம்பரில்) சாதாரண மானி வேலையே செய்யாது.

ஏறாவூர் ஓட்டுனர்:

எனது வேன் மறு பூச்சு அடித்தது என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நீர்த்தாள் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

கல்லடி வாசி:

காக்கா சொன்னபடி மானி கிடைத்தது. பொனட்டும் கூரையும் 104 முதல் 115 வரை. இடது மட்கார்டின் மேல் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் 83. வலது பின் கதவில் 240 முதல் 290 வரை வருகிறது. அந்தக் கதவின் றப்பரைத் தூக்கிப் பார்த்தேன், ரேப் ஒட்டிய கோடு தெரிகிறது. ஆக, எங்களிடம் வருவதற்கு முன் யாரோ அந்தப் பக்கம் இடித்திருக்கிறார்கள்.

நேற்று விடியற்காலை சோதனைச் சதுரம் செய்தேன். மென்மையான பாட்டில் மங்கலும் அலைக்கோடும் முழுவதுமாகப் போய்விட்டன. சிலந்தி வலையில் பெரும் பகுதி போய், உற்றுப் பார்த்தால் ஆழமான நாலைந்து கோடுகள் மட்டும் தெரிகின்றன. அல்ககோல் போட்டுத் துடைத்த பிறகும் அப்படியே நிற்கிறது. ரேப்பைப் பிரித்தபோது, ஒரு பக்கம் மாமரத்தின் இலைகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி விழுந்திருந்தன, மறு பக்கம் அதே மரம் பச்சைப் புகையாக இருந்தது.

இரண்டு சந்தேகங்கள். பின் கதவில் அதே பாட்டைப் பிடித்தேன். பாட் கறுக்கவில்லை, கீறலும் போகவில்லை. மற்றது, டிக்கியில் கிணற்று நீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் பொலிஷுக்கு மசியவில்லை.

கல்முனை பெயின்டர்:

பாட் கறுக்காதது நல்ல சாட்சி. அந்தக் கதவில் கறுப்புக்கு மேல் கிளியர் அடித்திருக்கிறார்கள். ஒரே காரில் இரண்டு வகைப் பூச்சு இருப்பதால் இரண்டு வைத்தியம் தேவை. அதற்கு மட்டும் நடுத்தர ஸ்பொஞ்சையும் ஒரு படி கூடிய பொலிஷையும் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் மென்மையான பாட்டால் முடியுங்கள். கறுத்த பாட்டை அந்தக் கதவுக்கும், கதவின் பாட்டைப் பொனட்டுக்கும் மாற்றிப் பிடிக்க வேண்டாம். ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு பாட்டைத் தூரிகையால் உரசிச் சுத்தம் செய்யுங்கள். குறைந்தது நான்கு பாட் கையில் இல்லாமல் முழுக் காரைத் தொடங்க வேண்டாம்.

வெள்ளைப் புள்ளி உப்பும் சுண்ணாம்பும். வினாகிரியைச் சம அளவு நீரில் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் போர்த்தி வைத்து, பிறகு நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். அதற்கும் போகாமல் குழி விழுந்திருந்தால், அதை அடி வரை துரத்த வேண்டாம். பொனட்டில் மிஞ்சிய நாலைந்து கோடுகளுக்கும் அதே பதில்தான். அவற்றை எடுக்க வேண்டுமானால் சுற்றியுள்ள கறுப்பு முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். 83 காட்டிய விளிம்பின் மேல் இரட்டை ரேப் ஒட்டிவிடுங்கள்.

கல்லடி வாசி:

மூன்று விடியற்காலைகளில் முழுக் காரும் முடிந்தது. கதவு நடுத்தரப் பாட்டுக்கு வழிக்கு வந்தது. டிக்கியில் புள்ளிகள் பெரும்பாலும் போய்விட்டன, இரண்டு குழிகளை விட்டுவிட்டேன். மேலே மெழுகு பூசி, இனி நீர் ஊற்றாமல் துணி வைப்பதில்லை என்றும், ஷம்பூவுக்கு ஒரு வாளி, கையுறை அலச இன்னொரு வாளி என்றும் வீட்டில் முடிவாகியிருக்கிறது. அப்பா ஒரு கிழமை பேசாமல் இருந்துவிட்டு, இன்று காலை பொனட்டில் குனிந்து மீசையைச் சரி பார்த்தார். சாரத் துண்டு சைக்கிளுக்குப் போய்விட்டது.