திறந்தவெளிச் சுரங்க விண்ணப்பத்தில் சுற்றுச்சூழல் விவரங்கள்

கேள்வி (சுங்கை சிப்புட், பேராக் மாநிலம், மலேசியா): வணக்கம். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலேயுள்ள பழைய ரப்பர் மேட்டில் திறந்தவெளிச் சுரங்கம் அமையவிருப்பதாகச் சொல்கிறார்கள். லயத்தார் துவைக்கவும் கீரைப் பாத்திகளுக்கு ஊற்றவும் இன்றும் நம்பியிருக்கும் ஓடை அங்கேதான் தொடங்குகிறது. அனுமதி கேட்பவர் எந்தச் சுற்றுச்சூழல் விவரங்களைக் கொடுத்தாக வேண்டும்?

மறுமொழி 1: ஐயா, நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. ஆயினும் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவின்படி, அச்சட்டத்தின்கீழ் வந்த 2015ஆம் ஆண்டு ஆணையின் அட்டவணைகளில் வரும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒப்புதல் பெற்றாக வேண்டும். அதில் ஓடைநீரின் இன்றைய வண்டல், அமிலத்தன்மை, உலோக அளவுகளை முதலில் பாருங்கள்; அந்த முதல் அளவு இல்லாவிட்டால், பின்னாளில் நீர் கெட்டது சுரங்கத்தால்தான் என்று நிறுவுவது மிகக் கடினம். நிலத்தடி நீர், தூசி, வெடி அதிர்வு, உயிரினங்கள் பற்றிய விவரங்களும் இருக்கும்.

மறுமொழி 2: அண்ணன் சொன்னதோடு, சேற்றுநீரைத் தேக்கி வண்டலைப் படியவைக்கும் குட்டைகள் கனமழையைத் தாங்குமா, அகற்றும் மேல்மண் எங்கே குவிக்கப்படும், வேலை முடிந்தபின் குழி எப்படிச் சீரமைக்கப்படும் என்பவற்றையும் கேளுங்கள். (பழைய வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குட்டைகளைப் பார்த்து வளர்ந்த பேராக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

கேள்வி கேட்டவர்: அறிக்கையை நாங்கள் பார்க்க முடியுமா?

மறுமொழி 1: அந்த ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டமென்றால், அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து எழுத்துவழிக் கருத்துகளைப் பெறுவார்கள். ஓடையை வரைபடத்தில் குறித்து இப்போதே ஆயத்தமாக வைத்திருங்கள்.